தொடுதிரையில் அப்பா: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சர்க்கரை நோயால் அப்பாவுக்குப் பார்வை போய்விட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவர் மட்டும் ஒதுங்கியே இருக்கிறார். ஆண்ட்ராய்டு போனில், திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் டாக்பேக் வசதியைப் போட்டுக் கொடுத்தோம். தமிழை வாசிக்க மறுக்கிறது. தொட்டால் எதுவும் திறப்பதும் இல்லை.
- வாசகி, தென்காசி

பதில்: போனில் கோளாறு எதுவும் இல்லை. டாக்பேக் ஓடும்போது ஒருமுறை தொட்டால், தொட்ட இடத்தின் பெயரை மட்டும் சொல்லும். திறக்க இருமுறை தட்ட வேண்டும். ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளினால் அடுத்ததுக்குப் போகும். பட்டியலை மேலும் கீழும் நகர்த்த இரண்டு விரல் வேண்டும். இது பிடிபடாமல்தான் பலர் முதல் நாளே அணைத்துவிடுகிறார்கள்.

தமிழ் வாசிக்காததற்குக் காரணம் குரல். செட்டிங்ஸில் ‘டெக்ஸ்ட் டு ஸ்பீச்’ என்று தேடுங்கள். கூகுள் இன்ஜின் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தைத் தொட்டு, வாய்ஸ் டேட்டாவில் தமிழை இறக்குங்கள். பிறகு மொழியையும் தமிழுக்கு மாற்றுங்கள். இந்த இரண்டாவது வேலையைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

எழுதுவதைவிட வாய்ஸ் மெசேஜ் அவருக்குச் சுலபம். மைக் பொத்தானில் இருமுறை தட்டி, இரண்டாவது தட்டில் விரலை எடுக்காமல் பேச வேண்டும், எடுத்ததும் மெசேஜ் அனுப்பப்பட்டுவிடும். டாக்பேக்கின் குரலும் சேர்ந்து பதிவாகிறதா? இயர்போன் மாட்டிவிடுங்கள், ஒரு காதில் மட்டும். வீட்டில் நடப்பதும் கேட்க வேண்டுமே.

மீதி வேலை உறவினர்களுக்கு. ‘காலை வணக்கம்’ படத்துக்குள் இருக்கும் தமிழ் எழுத்து அவருக்குப் பெரும்பாலும் கேட்காது. கல்யாணப் பத்திரிகையைப் படமாகப் போட்டால், தேதியையும் மண்டபத்தையும் கீழே ஒரு வரி தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். விதவிதமாகப் பத்து இமோஜி அனுப்பினால், பெயர்களைக் கேட்டு முடிப்பதற்குள் சேதி மறந்துவிடும்!

கேள்வி: காது கேளாத தம்பி வீடியோ காலில் சைகை மொழி பேசும்போது கை கலங்கலாகத் தெரிகிறது.
- வாசகர், ஈரோடு

பதில்: வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒவ்வொரு காட்சியையும் கூடுதல் நேரம் எடுத்துப் பதியும், அசையும் கை இழுபடும். ஜன்னல் அவர் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். போனைக் கையில் பிடித்தால் ஒரு கை போச்சு. ஸ்டாண்டில் வைத்து, இரண்டு முழங்கையும் தெரியும் அளவுக்குத் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். பூப்போட்ட சட்டையில் விரல் மறைந்துவிடும். வாட்ஸ்அப்பில் அழைப்புக்கு டேட்டா மிச்சம் பிடிக்கும் வசதி ஓடினால், அதையும் அணைத்துவிடுங்கள்.