வின் பாட்டி ஏன் குணப்படுத்துவதில்லை?

கேள்வி: 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' இப்போதுதான் ஆடுகிறேன். நான் ஒருத்தனைச் சமாளிப்பதற்குள் கூட வருகிற மூன்று பேரும் விழுந்துவிடுகிறார்கள். குணப்படுத்தும் மந்திரம் தெரிந்த வின் பாட்டி, பக்கத்தில் அலிஸ்டர் விழும்போதுகூட எதிரியைத்தான் சுட்டுக்கொண்டிருக்கிறாள். என்ன செய்வது?

பதில்: பாட்டி மேல் தப்பே இல்லை, அவளுக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. 2009இல் வந்த இந்த கேமில் ஒவ்வொரு தோழருக்கும் 'டாக்டிக்ஸ்' என்று ஒரு பக்கம் உண்டு; இப்படி ஆனால் இதைச் செய் என்று வரி வரியாக அதில் அமைத்து வைக்கலாம். அந்த வரிகளை அவர்கள் மேலிருந்து கீழாகப் பார்ப்பார்கள், முதலில் எது பொருந்துகிறதோ அதைச் செய்வார்கள், மறுபடி மேலிருந்து தொடங்குவார்கள். 'பக்கத்திலிருக்கும் எதிரியைத் தாக்கு' என்பது மேலே இருந்தால் எதிரி இருக்கிறவரை அதுதான் பொருந்திக்கொண்டே இருக்கும், நாலாவது வரியில் கிடக்கும் 'ஹீல்' என்ற குணப்படுத்தும் மந்திரத்தின் பக்கம் அவள் வரவே மாட்டாள்.

அதனால் முதல் வரி: தன் ஹெல்த் 25 சதவீதத்துக்குக் கீழே போனால் இருப்பதிலேயே சக்தி குறைந்த மருந்தைக் குடி. சக்தி குறைந்தது என்று போடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் சேர்த்து வைத்த நல்ல மருந்தெல்லாம் நாலு ஓநாயோடு நடக்கும் சண்டையில் தீர்ந்துவிடும். இரண்டாவது வரி: கூட்டாளி ஹெல்த் 50க்குக் கீழே போனால் ஹீல். தாக்குவது கடைசி வரிதான். வரிகள் போதவில்லையா, 'காம்பாட் டாக்டிக்ஸ்' திறமையில் புள்ளி போடுங்கள், கூடுதல் இடம் கிடைக்கும்.

அப்புறம் அலிஸ்டருக்கு 'டான்ட்' கற்றுக்கொடுங்கள், எதிரிகளின் கோபமெல்லாம் கேடயம் பிடித்தவன் மேல் திரும்பும், பாட்டிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். இருப்பதிலேயே கடினமான 'நைட்மேர்' நிலையில் ஆடுவதாக இருந்தால் 'ஃபயர்பால்' என்ற நெருப்பு மந்திரத்தை மட்டும் சூனியக்காரத் தோழி மாரிகன் விருப்பத்துக்கு விடாதீர்கள், அது நம் ஆட்களையும் சேர்த்தே சுடும். ஆட்டத்தை நிறுத்திவைத்து, எங்கே விழவேண்டும் என்று நீங்களே குறி வைத்துப் போடுங்கள். ஒருவராவது நின்று ஜெயித்தால் விழுந்தவர்கள் எழுந்துவிடுவார்கள், ஆனால் காயத்தோடு எழுவார்கள். அந்தக் காயத்தை ஆற்றும் 'இஞ்சுரி கிட்' கையில் வைத்திருங்கள்.

கேள்வி: 'ஸ்கைரிம்' கேமில் என் அம்பு பட்டு, கூட வந்த தோழி லிடியா செத்துவிட்டாள். அவளை மீட்க முடியுமா?

பதில்: பழைய சேவ் இருந்தால் அதற்குத் திரும்புங்கள், அதுதான் சுத்தமான வழி. கணினியில் ஆடுகிறவர்கள் கட்டளை அடிக்கும் 'கன்சோல்' பெட்டியைத் திறந்து, அவள் உடலைக் கிளிக் செய்து 'ரிசரெக்ட்' என்று அடித்தும் எழுப்பலாம்.

இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு, ஏனென்றால் வைட்ரன் நகர வாசலிலிருந்து கூடவே மூட்டை சுமந்து வந்தவள் அவள். தோழர்கள் அடி தாங்காமல் மண்டியிட்டு உட்காரும்போது எதிரிகள் பெரும்பாலும் அவர்களை விட்டுவிட்டு நம் பக்கம் திரும்புகிறார்கள். நாம் பதறிப்போய் அதே திசையில் அம்பையோ நெருப்பையோ விடுகிறோம், அந்த அடியில்தான் அவர்கள் சாகிறார்கள். லிடியா மண்டியிட்டால் வில்லை உள்ளே வையுங்கள். 'ஹீலிங் ஹேண்ட்ஸ்' மந்திரத்தை வாங்கி வைத்திருங்கள், அது அடுத்தவரைக் குணப்படுத்தவே இருக்கிறது. குறுகலான குகைப் பாதையில் அவளை முன்னால் விட்டுப் பின்னாலிருந்து எய்யவே எய்யாதீர்கள். தரையில் பொறி தெரிந்தால், காத்திரு என்று சொல்லிவிட்டு நீங்கள் முதலில் தாண்டுங்கள், அவள் அதைப் பார்த்து ஒதுங்க மாட்டாள், நேராக மிதிப்பாள்.

கேள்வி: காத்திருக்கச் சொன்ன இடத்தில் தோழரைக் காணோம். செத்துவிட்டாரா?

பதில்: ஸ்கைரிம் என்றால் பயப்படவேண்டாம். கேம் கணக்கில் 3 நாள் பார்த்துவிட்டு அவர் வீட்டுக்குப் போயிருப்பார். நீங்கள் அவரை முதலில் சந்தித்த இடத்தில் போய்த் தேடுங்கள்.