31-இல் ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் என்றால் அது கொள்ளைநோயா?

கேள்வி: டாக்டர், நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். பையனுக்கு 26 மாதம். 'அம்மா', 'பால்', 'கார்' தவிர வேறு வார்த்தை இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாதி நேரம் திரும்புவதில்லை. 2000-இல் 150 குழந்தைகளில் ஒருவருக்கு இருந்த ஆட்டிசம் இப்போது 31-இல் ஒருவருக்கு, இது கொள்ளைநோய், தடுப்பூசிதான் காரணம் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. மாமியாரோ "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்" என்கிறார். அடுத்த எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) ஊசியைத் தள்ளிப்போடலாமா?

பதில்: ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். பையனைக் காட்டுவதையும் தள்ளிப்போடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பில் வந்த எண்கள் சரியானவைதான். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சில குறிப்பிட்ட பகுதிகளில் 8 வயதுப் பிள்ளைகளின் மருத்துவப் பதிவுகளையும் பள்ளிப் பதிவுகளையும் வைத்து எண்ணுகிறது. 2000-இல் 150-க்கு ஒருவர், 2022-இல் 31-க்கு ஒருவர். இந்தக் கடைசிக் கணக்கு 2025 ஏப்ரலில் வெளியானபோது சுகாதாரத் துறைச் செயலர் ராபர்ட் கென்னடி ஜூனியரே இதை 'எபிடெமிக்', அதாவது கொள்ளைநோய் என்றுதான் சொன்னார். ஆனால் பதிவில் இருப்பது கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகள் மட்டும்தான். அன்று ஆட்டிசம் இருந்தும் யாரும் கண்டுபிடிக்காமல் விட்ட பிள்ளைகள் அதில் இல்லை.

அதே 2022 கணக்கிலேயே ஒன்று பாருங்கள். டெக்ஸாஸின் லாரெடோவில் 103 பிள்ளைகளில் ஒருவர், கலிஃபோர்னியாவின் சான் டியேகோ பகுதியில் 19-இல் ஒருவர். ஒரே நாடு, ஒரே வருடம், ஐந்து மடங்கு வித்தியாசம். சான் டியேகோ பக்கம் குழந்தை மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, சந்தேகம் வந்த பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே பரிசோதனைக்கு அனுப்ப வைத்திருக்கிறார்கள், தேடுகிற இடத்தில் அதிகம் கிடைக்கிறது.

வரையறையும் அப்படியே நிற்கவில்லை. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இருந்த ஆட்டிசம் மிகக் குறுகலானது, பேச்சே இல்லாமல் தனக்குள் ஒடுங்கிய பிள்ளைகள்தான் பெரும்பாலும் அதற்குள் வந்தார்கள். 1994-இல் ஆஸ்பெர்கர் சேர்ந்தது, நன்றாகப் பேசுகிற, படிக்கிற, ஆனால் பழகத் தெரியாத பிள்ளைகளும் உள்ளே வந்தார்கள். 2013-இல் எல்லாம் ஒரே பெயருக்குள் வந்துவிட்டது. நடுவில் 1990-இல் சிறப்புக் கல்விச் சட்டத்தில் ஆட்டிசம் தனிப் பிரிவானது, 2007-இல் எல்லாக் குழந்தைகளையும் 18, 24 மாதங்களில் இதற்காகப் பார்க்க வேண்டும் என்று குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொன்னது. பள்ளிகளில் ஆட்டிசம் என்ற தலைப்பில் எண்ணிக்கை ஏறிய அதே காலத்தில் அறிவுத்திறன் குறைபாடு என்ற தலைப்பில் எண்ணிக்கை இறங்கியது. நிறையப் பிள்ளைகள் ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு மாறியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முழுக்க இதுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். டென்மார்க்கில் 1980 முதல் 1991 வரை பிறந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வில், உயர்வில் சுமார் 60 சதவீதத்துக்கு வரையறையும் பதிவு முறையும் மாறியதே காரணம் என்று தெரிந்தது. மீதியில் வயது கூடிப் பெற்றோர் ஆவதற்கும், முன்பு பிழைக்காத குறைமாதக் குழந்தைகள் இப்போது பிழைப்பதற்கும் ஓரளவு பங்கு இருக்கலாம். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேருக்கு வந்தால் எபிடெமிக் என்பது பாடப்புத்தக விளக்கம், ஆனால் எதிர்பார்ப்பே வருடத்துக்கு வருடம் மாறும்போது அந்தச் சொல்லை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதோடு கொள்ளைநோய் என்றதும் மனது உடனே ஒரு குற்றவாளியைத் தேட ஆரம்பிக்கிறது. ஊசி மாட்டிக்கொண்டது அப்படித்தான்.

அந்தப் பயத்தைப் பெரிதாக்கியது 1998-இல் வெறும் 12 குழந்தைகளை வைத்து வந்த ஒரு கட்டுரை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழ் 2010-இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஜப்பானில் 1993-இல் எம்எம்ஆர் ஊசியையே நிறுத்தினார்கள், யோகோஹாமாவில் ஆட்டிசக் கணக்கு அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டேதான் போனது. 2019-இல் டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பார்த்தும் ஊசி போட்டவர்களிடம் அதிகமில்லை. ஊசி போடாததால் வரும் ஆபத்தோ நிஜமானது, 2025-இல் டெக்ஸாஸில் தட்டம்மை பரவியபோது ஊசி போடாத இரண்டு பிள்ளைகள் இறந்துபோனார்கள்.

சரி, இப்போது உங்கள் பையனுக்கு வருவோம். 31-இல் ஒன்றோ 150-இல் ஒன்றோ, அது அவனைப் பற்றி எதுவும் சொல்லாது. 26 மாதத்தில் மூன்று வார்த்தை என்பது குறைவு, ஆண் பிள்ளையானாலும் குறைவுதான். மாமியார் பிரியத்தில்தான் சொல்கிறார், ஆனால் இதில் காத்திருந்து பார்ப்பதால் லாபம் எதுவும் இல்லை.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். சோப்புக் குமிழி ஊதுகிற பாட்டிலை எடுத்து, இரண்டு மூன்று முறை ஊதிக் காட்டிவிட்டு, மூடியை இறுக்கி அவன் கையில் கொடுத்துப் பேசாமல் இருங்கள். பாட்டிலை நீட்டி உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறானா, அல்லது முகத்தைப் பார்க்காமலே உங்கள் கையைப் பிடித்து மூடிமேல் வைக்கிறானா? ஜன்னல் வழியே விமானத்தைக் காட்டினால் உங்கள் விரலைப் பார்க்கிறானா, விமானத்தைப் பார்க்கிறானா? தனக்குப் பிடித்த காரை, எதுவும் வேண்டி இல்லாமல், சும்மா "பாரேன்" என்பதுபோலக் கொண்டுவந்து காட்டுகிறானா? வார்த்தைகளின் எண்ணிக்கையைவிட இந்தப் பதில்கள்தான் எங்களுக்கு முக்கியம். இதை வைத்து நீங்களே ஆட்டிசம் என்றோ இல்லை என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்வதற்காகக் குறித்து மட்டும் வையுங்கள்.

அப்புறம், காது. கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியது கேட்கும் திறனைத்தான். பிறந்தபோது பரிசோதித்து எல்லாம் சரி என்று சொல்லியிருந்தாலும் மறுபடி பாருங்கள், அடிக்கடி சளி பிடித்துக் காதில் நீர் கோத்துக்கொண்டாலே சத்தம் மங்கிவிடும்.

கூடவே உங்கள் மாநிலத்தில் வளர்ச்சி பின்தங்கிய சின்னக் குழந்தைகளுக்கு உதவும் 'ஏர்லி இன்டர்வென்ஷன்' திட்டத்துக்கு நீங்களே போன் செய்யலாம், மருத்துவர் கடிதம் தேவையில்லை. மதிப்பீடு இலவசம், கூப்பிட்டு 45 நாட்களுக்குள் செய்து முதல் திட்டக் கூட்டமும் நடத்த வேண்டும் என்பது சட்டம். ஆனால் இது 3 வயது வரைதான், அதன்பின் பள்ளி மாவட்டத்திடம் போக வேண்டும். உங்களுக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. ஆட்டிசம் என்று யாரும் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம், பேச்சு தாமதம் என்ற ஒன்றை வைத்தே பேச்சுப் பயிற்சிக்குக் கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாராவது உங்களிடம் சொல்லத்தான் போகிறார்கள்: "வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்." செய்யாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குக்கூடப் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. வீடியோ காலில் பாட்டி கொஞ்சுகிற தமிழும் அவனுக்கு வேண்டும். போன் செய்கிறபோது வீட்டு மொழி தமிழ் என்று சொல்லுங்கள், மதிப்பீட்டின்போது மொழிபெயர்ப்பாளர் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.