போர் விமான விளையாட்டில் ஏ-10சி போன்ற தரைத்தாக்குதல் விமானம் ஓட்டுவது எப்படி இருக்கும்? புதிதாகத் தொடங்குபவர் வாங்கலாமா?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. பழைய உடம்பில் புது மின்னணுக் கருவிகள் பொருத்திய தாக்குதல் விமானத்தை டிசிஎஸ் வேர்ல்ட் என்ற கணினி விளையாட்டில் ஓட்டுவது எப்படிப்பட்ட அனுபவம் என்பது ஒன்று. சிங்கப்பூரில் இப்போதுதான் தொடங்கும் ஒருவர் காசு கொடுத்து ஏ-10சி வாங்கலாமா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: உடனே வாங்க வேண்டாம். டிசிஎஸ் விளையாட்டோடு இலவசமாகவே எஸ்யூ-25டி வருகிறது. முதலில் அதை ஓட்டுங்கள். ஏ-10சியின் அருமை அதற்குப் பிறகுதான் புரியும்.

எஸ்யூ-25டி சோவியத் விமானம், 1984இல் முதன்முதலாகப் பறந்தது. இரண்டு இருக்கைப் பயிற்சி விமானத்தின் உடலை எடுத்து, பின் இருக்கை இருந்த இடத்தில் மின்னணுப் பெட்டிகளையும் எரிபொருளையும் வைத்து, மூக்கில் ஷ்க்வால் என்ற கேமராவைப் பொருத்தினார்கள். டாங்கி வேட்டைதான் அதன் வேலை. விக்ர் என்ற ஏவுகணை 16 வரை தூக்கும். விளையாட்டில் அதன் காக்பிட்டில் எந்தப் பொத்தானையும் மவுஸால் அழுத்த முடியாது, எல்லாம் கீபோர்டில்தான். கற்றுக்கொள்ள இதுவே வசதி. ஷ்க்வாலை இயக்கு, கேமராவை நகர்த்து, இலக்கைப் பூட்டு, லேசரைப் போடு, ஏவு. ஒரு வார இறுதியில் பிடிபட்டுவிடும்.

ஆனால் சிக்கலும் அங்கேதான். ஷ்க்வால் மூக்கிலேயே இருப்பதால் பக்கவாட்டில் 35 பாகைக்கு மேல் திரும்பாது. விக்ர் லேசர் கதிரைப் பிடித்துக்கொண்டு போகும் ஏவுகணை. 8 கிலோமீட்டர் போய்ச் சேர 20 நொடிக்கு மேல் ஆகும். அதுவரை நீங்கள் மூக்கை இலக்கின் பக்கமே வைத்திருக்க வேண்டும். எதிரில் துங்குஸ்கா என்ற விமான எதிர்ப்பு வண்டி ஒன்று நின்றால் அதன் ஏவுகணையும் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் வரும். அதாவது, நீங்கள் பார்ப்பதும் சுடுவதும் நெருங்குவதும் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் கிட்டே போயே ஆக வேண்டும். ஒருமுறை தவறினால் வெளியே போய், சுற்றி வந்து, மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். அந்த அவசரத்தைச் சில வாரம் அனுபவித்துவிட்டு ஏ-10சிக்குள் உட்காருங்கள்.

ஏ-10 முதலில் பறந்தது 1972இல். ஏழு குழல் கொண்ட 30 மில்லிமீட்டர் துப்பாக்கியைச் சுற்றிக் கட்டிய விமானம். விமானியைச் சுற்றி டைட்டானியத் தொட்டி, உயரத்தில் இரண்டு எஞ்சின், வேகம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. அப்போது விமானிக்குக் கண்ணும் பைனாகுலரும்தான் பெரிய ஆயுதம். 2005இல் பறந்த சி வகையில் இரண்டு வண்ணத் திரைகள், இறக்கைக்கு அடியில் தொங்கும் கேமரா பாட், ஜிபிஎஸ் குண்டுகள், மற்ற விமானங்களோடு தகவல் பரிமாறும் டேட்டாலிங்க் எல்லாம் வந்தன. டிசிஎஸ் இந்த சி வகையை 2011இல் வெளியிட்டது. 2020இல் வந்த ஏ-10சி II பதிப்பில் ஹெல்மெட் திரையும் லேசர் வழிகாட்டும் ராக்கெட்டுகளும் சேர்ந்தன.

எஞ்சினில் மாற்றமில்லை. வேகம் கூடவில்லை. மாறியது பார்வை. இந்த விமானத்தைப் பற்றி நான் சொல்ல விரும்புவது முழுக்க இதைச் சுற்றித்தான்.

15,000 அடி உயரத்தில் வட்டமடித்துக்கொண்டே இருக்கலாம். தோளில் வைத்துச் சுடும் இக்லா ஏவுகணை, ஷில்கா என்ற விமான எதிர்ப்புத் துப்பாக்கி வண்டி, துங்குஸ்கா எதுவும் அந்த உயரத்துக்கு எட்டாது. (டோர் என்ற விமான எதிர்ப்பு ஏவுகணை வண்டி இருந்தால் கதை வேறு, அது 20,000 அடி வரை எட்டும். அதன் பக்கமே போகாதீர்கள்.) விமானம் தன்பாட்டுக்குச் சுற்றும். பாட் மட்டும் தரையில் ஒரே இடத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்கும். பாட் எந்த இறக்கையில் தொங்குகிறதோ அந்தப் பக்கமாகவே வட்டமடியுங்கள். இல்லாவிட்டால் விமானத்தின் உடம்பே கேமராவை மறைத்துவிடும்.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏ-10சியில் எந்த நேரத்திலும் ஒரே ஒரு திரைக்குத்தான் உங்கள் கை பேசும். அதை எஸ்ஓஐ என்பார்கள். அந்தத் திரையைச் சுற்றிப் பச்சைக் கட்டம் தெரியும். த்ராட்டிலில் (எஞ்சின் விசைக் கைப்பிடியில்) இருக்கும் கூலி ஹேட் என்ற சுவிட்சை வலப்பக்கம் நீள அழுத்தினால் வலத் திரைக்கும், இடப்பக்கம் நீள அழுத்தினால் இடத் திரைக்கும், மேலே தட்டினால் விமானியின் கண்ணுக்கு நேரே தகவல் காட்டும் கண்ணாடிக்கும் அந்த உரிமை போகும். பாட் படம் வலத் திரையில் இருக்கிறது, பச்சைக் கட்டமும் அங்கே இருக்கிறது என்று வையுங்கள். இப்போது கேமராவை நகர்த்தி ஒரு டாங்கியின் மேல் குறுக்குக்கோட்டை வைக்கிறீர்கள். ஜாய்ஸ்டிக்கில் இருக்கும் டிஎம்எஸ் சுவிட்சை முன்னோக்கி ஒருமுறை தட்டினால் கேமரா அந்தப் புள்ளியை ஒட்டிக்கொள்ளும். அதையே அழுத்திப் பிடித்தால் அந்தப் புள்ளி எஸ்பிஐ ஆகும். அதாவது விமானம் முழுவதுக்கும் “நான் பார்ப்பது இதைத்தான்” என்று நீங்கள் அறிவித்துவிட்டீர்கள். வரைபடத் திரையில் அடுக்கு கேக் மாதிரி ஒரு சின்னம் அந்த இடத்தில் விழும். அடுத்து த்ராட்டிலில் இருக்கும் சைனா ஹேட் என்ற சுவிட்சை முன்னோக்கி நீள அழுத்தினால் மேவரிக் ஏவுகணையின் கண்ணும் அதே இடத்துக்குத் திரும்பும். குண்டு, ராக்கெட், ஹெல்மெட் திரை எல்லாம் அந்த ஒரு புள்ளியை நோக்கி வரிசையில் நிற்கும்.

அந்தப் புள்ளியை நீங்கள் வைக்கவில்லை என்றால்? விமானம் தானாகவே வழிப்புள்ளியை எஸ்பிஐ ஆக வைத்துக்கொள்ளும். திரையில் டாங்கி தெரியும், குண்டு எங்கோ வயலில் விழும். “குண்டு சரியாக விழவில்லை” என்று கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு நடப்பது இதுதான். பச்சைக் கட்டம் எங்கே, கேக் எங்கே. சுடுவதற்கு முன் இந்த இரண்டையும் கண்ணால் தொட்டுப் பாருங்கள். லேசர் குண்டாக இருந்தால் லேசர் குறியீடு (குண்டு தன் லேசரை அடையாளம் காணும் எண்) 1688 என்று கேமரா பாட்டிலும் குண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மூக்குச் சக்கரத்தைத் திருப்பும் பொத்தான்தான் வானத்தில் லேசரைப் போடும் பொத்தான். அப்புறம் ஆயுதப் பொத்தானை அழுத்துவது ஒரு நொடி வேலை.

பார்ப்பதற்கு இத்தனை பாடா என்று தோன்றலாம். 2003 மார்ச் 28 அன்று இராக்கில் பாஸ்ராவுக்கு வடக்கே இரண்டு ஏ-10 விமானங்கள் பிரிட்டிஷ் படையின் கவச வண்டிகளைத் தாக்கின. ஒரு பிரிட்டிஷ் வீரர் உயிரிழந்தார். நட்புப் படை என்று காட்டுவதற்காக வண்டிகளின் மேல் ஆரஞ்சு நிறப் பலகைகள் இருந்தன. விமானிகள் அவற்றைப் பார்த்தார்கள், ஆனால் ஆரஞ்சு நிற ராக்கெட்டுகள் என்று நினைத்துவிட்டார்கள். அவை பழைய ஏ வகை விமானங்கள். அந்தக் காக்பிட் பதிவு பின்னால் வெளியே வந்தபோது உலகமே கேட்டது. விளையாட்டில் யாரும் சாவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் இந்தச் சம்பவத்தைப் படித்த பிறகு, வெப்பப் படத்தில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும் ஒன்றை அது என்ன என்று தெரியாமல் என்னால் சுட முடிவதில்லை. வெப்பப் படத்தில் டாங்கியும் வெள்ளை, லாரியும் வெள்ளை, நம் பக்கத்து வண்டியும் வெள்ளைதான். த்ராட்டிலில் இருக்கும் ‘போட்’ என்ற சுவிட்சால் சாதாரணக் கேமராவுக்கு மாற்றி, பெரிதாக்கி, குழல் எவ்வளவு நீளம், சக்கரமா சங்கிலியா என்று பாருங்கள்.

எங்கள் குழுவில் ஈசூனில் இருக்கும் ஒரு தம்பி தரையில் நிற்கும் வழிகாட்டியாக விளையாடுவார். கம்பைன்டு ஆர்ம்ஸ் என்ற கூடுதல் தொகுப்பு இருந்தால் அப்படி விளையாட முடியும். காக்கசஸ் வரைபடத்தில் ஜுக்திதி ஊருக்குப் பக்கம் எங்குரி ஆறு. நான் மேலே சுற்றிக்கொண்டிருப்பேன்.

“அண்ணே, ஆத்துப் பாலம் தெரியுதா?”

“தெரியுது.”

“பாலத்துக்கு மேற்கே ரோடு ரெண்டா பிரியும். அதுல தெற்கால போற ரோடு. மரம் வரிசையா இருக்கும்.”

“மரம் இருக்கு. மரத்துக்குக் கிழக்கே மூணு வண்டி நிக்குது.”

“அது நம்ம ஆளுங்க. மரத்துக்கு மேற்கே பாருங்க.”

இந்த உரையாடல் சில சமயம் பத்து நிமிடம்கூட ஓடும். அதன் முடிவில் அவர் பார்ப்பதும் நான் பார்ப்பதும் ஒன்றே என்று இரண்டு பேருக்கும் உறுதியாகும் அந்த நொடிக்காகத்தான் நான் இந்த விமானத்தை ஓட்டுகிறேன். பிறகு ஏழு ராக்கெட் கொண்ட குழாயிலிருந்து ஒன்றே ஒன்று போகும். லேசர் வழிகாட்டும் ராக்கெட் என்பதால் ஒரு வண்டிக்கு ஒன்று போதும். 200 கிலோ குண்டைப் போட்டுப் பக்கத்தில் இருக்கும் வீட்டையும் சேர்த்து இடிக்க வேண்டியதில்லை.

துப்பாக்கியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபிப்பீர்கள். நிமிடத்துக்கு 3,900 ரவுண்டு வேகம், டிரம்மில் 1,174 ரவுண்டு. விடாமல் அழுத்தினால் சுமார் 18 நொடியில் காலி. விசையை முதல் கட்டம் மட்டும் அழுத்தினால் பிஏசி என்ற அமைப்பு மூக்கைக் குறியிலேயே நிலையாகப் பிடித்துக்கொள்ளும். முழுதும் அழுத்தினால் சுடும். ஒரு நொடி, அதிகம் போனால் இரண்டு நொடி, உடனே திரும்பி வெளியே வாருங்கள். சத்தம் அருமையாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் துப்பாக்கிக்காகக் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் இக்லாவின் எல்லைக்குள் இறங்குகிறீர்கள். இக்லாவுக்கு ரேடார் கிடையாது, ஆகையால் ரேடார் எச்சரிக்கைக் கருவி வாயைத் திறக்காது. மேலிருந்து நன்றாகப் பார்த்து முடித்த பிறகே இறங்குங்கள்.

சிங்கப்பூரிலிருந்து கேட்டதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய தாக்குதல் விமானத்தைப் புதுப்பிப்பது நம் ஊருக்கு அந்நியமான கதை இல்லை. 1970களில் அமெரிக்கக் கடற்படையின் பழைய ஏ-4 ஸ்கைஹாக் விமானங்களைச் சிங்கப்பூர் வாங்கியது. 1980களில் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, எஃப்404 என்ற புது எஞ்சினைப் பொருத்தி, மின்னணுக் கருவிகளையும் மாற்றினார்கள். பெரும்பகுதி வேலை இங்கேயே நடந்தது. ஏ-4எஸ்யூ சூப்பர் ஸ்கைஹாக் என்று பெயர். தெங்கா தளத்திலிருந்து பறந்து 2005இல் களப் பணியிலிருந்து ஓய்வு பெற்றது, பிரான்சில் பயிற்சி விமானமாக 2012 வரை இருந்தது. சுவா சூ காங் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அதன் சத்தம் இன்னும் காதில் இருக்கும். எனக்கு இருக்கிறது. டிசிஎஸ்ஸில் ஏ-4எஸ்யூ கிடையாது. ஆனால் ஆர்வலர்கள் சேர்ந்து செய்த ஏ-4ஈ இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பாட் இல்லை, திரை இல்லை, கண்ணால் பார்த்துக் குண்டு போட வேண்டும். எஸ்யூ-25டி, ஏ-4ஈ இரண்டையும் ஓட்டிப் பார்த்தால், காசே செலவழிக்காமல் பாதி படிப்பு முடிந்துவிடும்.

கருவிகள் விஷயம். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் படுக்கையறை மேசையில் எல்லாவற்றையும் வைக்க இடம் இருக்காது. ஆகவே எஸ்யூ-25டி கட்டத்தில் பழைய டி.16000எம் ஜாய்ஸ்டிக் ஒன்றை கேரொசெல் என்ற பழைய பொருள் விற்கும் தளத்தில் தேடி வாங்கிக்கொள்ளுங்கள். த்ரஸ்ட்மாஸ்டர் வார்தாக் கைப்பிடியும் த்ராட்டிலும் ஏ-10சியின் அசல் கைப்பிடியைப் பார்த்துச் செய்தவை. மேலே சொன்ன சுவிட்சுகள் எல்லாம் அதே இடத்தில் இருக்கும், ஆனால் அதற்கு அவசரமில்லை. அதற்கு முன் தலையசைவைப் பிடிக்கும் வசதி வேண்டும். ஓபன்ட்ராக் என்ற இலவச மென்பொருள் சாதாரண வெப்கேமராவை வைத்தே உங்கள் தலை திரும்புவதை விளையாட்டுக்குச் சொல்லும். பார்வையே பிரதானமான விமானத்தில் கழுத்தைத் திருப்ப மவுஸை நாடினால் கை போதாது. நினைவகம் 32 ஜிபி இருந்தால் நல்லது, எஸ்எஸ்டியில் 100 ஜிபிக்கு மேல் காலி இடம் கட்டாயம்.

ஏ-10சி II வாங்குமுன் 14 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதைப் பள்ளி விடுமுறையில் எடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் எஞ்சினை இயக்கும் வரிசையைக் கற்றுக்கொள்வதில் வீணாக்காதீர்கள், வானத்திலிருந்து தொடங்கும் பயிற்சியைத் தேர்ந்தெடுங்கள். ஆயுதம் எதையும் தொடாமல், கேமரா பாட்டை மட்டும் வைத்து ஒரு ஊரைச் சுற்றி வாருங்கள். ஒரு வீட்டைப் பிடித்து, எஸ்பிஐ வைத்து, அந்த எஸ்பிஐயை நீக்கி, வேறொரு வீட்டுக்கு மாறுங்கள். விரல் தானாகப் போகத் தொடங்கியதும் மேவரிக்கை எடுக்கலாம். எங்கேயாவது பச்சைக் கட்டம் காணாமல் போனால் இங்கே கருத்தில் கேளுங்கள், எந்தத் திரையில் என்ன இருந்தது என்று சேர்த்து எழுதினால் பார்த்துச் சொல்கிறேன்.