இரண்டு நாள் முகாமில் கோபம் அடங்குமா?

கேள்வி: வயது 29. சிறு சொல் பட்டாலும் கையில் இருப்பதை வீசிவிடுகிறேன். பிறகு மணிக்கணக்கில் அழுகிறேன். மனநல மருத்துவர் 'டி.பி.டி. கற்றுக்கொள்ளுங்கள்' என்றார். தெரிந்தவர் காட்டிய மையத்தில் இரண்டு நாள் முகாமுக்கு, சான்றிதழோடு, 18,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா? - வாசகி, சேலம்

பதில்: கட்டாதீர்கள். ஆள் சேர்த்துவிடும் 'தெரிந்தவர்'களுக்குக் கமிஷன் போவது இந்தத் தொழிலில் புதிதல்ல. நோயாளிக்குச் சான்றிதழ் எதற்கு? சுவரில் மாட்டவா?

டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி), மனம்விட்டுப் பேசிவிட்டு வருகிற சிகிச்சை மட்டுமல்ல, கொந்தளிக்கும் உணர்ச்சியைக் கையாளும் பயிற்சி. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன், தற்கொலை எண்ணத்தோடு போராடியவர்களுக்காக உருவாக்கினார். வாரம் ஒரு தனி அமர்வு, ஒரு குழு வகுப்பு. பாடங்களை ஒரு சுற்று முடிக்கவே சுமார் ஆறு மாதம் ஆகும். அதை ஒரு சனி, ஞாயிறில் சுருட்டிக் கொடுப்பவரிடம் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் (ஆர்.சி.ஐ.) பதிவு எண்ணைக் கேளுங்கள். மருத்துவ உளவியலாளருக்கு அது கட்டாயம். எண்ணை மன்றத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். சுவரில் தொங்கும் வெளிநாட்டுப் பட்டயத்தை நம்பாதீர்கள்.

இன்றே தொடங்க வழி உண்டு. ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள்: என்ன நடந்தது, கோபம் பூஜ்யத்திலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு, என்ன செய்தீர்கள். கை ஓங்கும் நிலை வந்தால், மூச்சை அடக்கி முகத்தைக் குளிர்ந்த நீரில் முப்பது விநாடி வையுங்கள். சேலத்துக் குழாய்த் தண்ணீர் போதாது. அகன்ற பாத்திரத்தில் கொஞ்சம் ஐஸ் போடுங்கள். இதயத்துடிப்பு தணியும், அந்த இடைவெளியில் யோசிக்க முடியும்.

ஒரு எச்சரிக்கை. இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. 'எனக்கு இதயம் நன்றாகத்தான் இருக்கிறது' என்று தாண்டிப் போகாதீர்கள். பதற்றத்துக்கு எழுதித்தரும் புரோப்ரனலால் மாத்திரையும் துடிப்பைக் குறைப்பதே. இரண்டும் சேர்ந்தால் தலைசுற்றி விழலாம். உங்கள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெயர் புரியாவிட்டால் மருத்துவரிடமே காட்டுங்கள், கடைக்காரரிடம் அல்ல.

மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் வாராவாரம் போய்வரும் சிகிச்சைக்குப் பெரும்பாலான பாலிசிகளில் ஒரு பைசா பெயராது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் செலவில்லை; ஆனால் அந்தக் கூட்டத்தில் மருத்துவருக்கு உங்கள் முகத்தைப் பார்க்கவே நேரமில்லை. பொறுப்பானவர்கள் இதைச் சரிசெய்யும் வரை காத்திருக்காதீர்கள். உயிரை விடும் எண்ணம் எட்டிப்பார்த்தால் எந்த நேரமானாலும் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழையுங்கள். தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

'டி.பி.டி.' என்று மூன்றெழுத்தைச் சொல்லி அனுப்பிய மருத்துவரிடமே திரும்பிப் போய், யாரிடம் கற்பது என்று பெயர் கேட்டு வாங்குங்கள்.