அப்டேட் போட்டதும் போனில் டவர் போய்விட்டதா? ஃபேக்டரி ரீசெட்டுக்கு முன் இதைப் பாருங்கள்

கேள்வி: ஆண்ட்ராய்டு போனில் நேற்று இரவு சிஸ்டம் அப்டேட் போட்டேன். காலையில் இரண்டு சிம்மிலும் டவர் இல்லை. வைஃபை ஓடுகிறது. ஃபேக்டரி ரீசெட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: இப்போது போடாதீர்கள். அதற்கு முன் இரண்டே நிமிடத்தில் முடிகிற ஒரு சோதனை இருக்கிறது. வீட்டிலேயே சரிசெய்யலாமா, சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டுமா என்பதை அதுதான் சொல்லும்.

டயல் பேடில் *#06# என்று அடியுங்கள். டவர் இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும். இரண்டு சிம் போடும் போன் என்றால் 15 இலக்கத்தில் இரண்டு ஐஎம்இஐ எண்கள் (போனுக்கே உரிய அடையாள எண்கள்) வர வேண்டும். போன் வந்த பெட்டியில் உள்ள ஸ்டிக்கரோடு அவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பகுதிக்குப் போய் ‘பேஸ்பேண்ட் வெர்ஷன்’ என்ற வரியைத் தேடுங்கள். சாம்சங்கில் அது ‘சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்’ உள்ளே இருக்கும், பிக்சலில் ‘ஆண்ட்ராய்டு வெர்ஷன்’ உள்ளே இருக்கும். ஐபோனில் ‘அபவுட்’ பக்கத்தில் ‘மோடம் ஃபர்ம்வேர்’ என்று வரும். அந்த வரியில் எழுத்தும் எண்ணும் கலந்து ஏதாவது இருந்தால் நிம்மதி. ‘அன்நோன்’ என்றோ வெறுமையாகவோ இருந்தால், அல்லது ஐஎம்இஐ பூஜ்யங்களாகவோ ‘நல்’ (null) என்றோ வந்தால், கோளாறு ஆழத்தில் இருக்கிறது.

காரணம் இதுதான். உங்கள் போனில் ஓடுவது ஆண்ட்ராய்டு மட்டுமல்ல. டவர் சிக்னலைக் கையாளும் மோடம் என்ற பாகத்துக்குத் தனியாக ஒரு மென்பொருள் உண்டு, அதைத்தான் பேஸ்பேண்ட் என்கிறோம். டவரோடு பேசுவது அதன் வேலை. சிஸ்டம் அப்டேட்டில் பல நேரம் அதற்கும் புதிய பதிப்பு சேர்ந்தே வரும். அந்த மென்பொருள் போன் மெமரியின் ஒரு பார்ட்டிஷனில் (தனிப் பகுதியில்) இருக்கும், ஐஎம்இஐயும் ரேடியோவுக்கான (சிக்னலை அனுப்பிப் பெறும் பகுதிக்கான) அளவீட்டுத் தகவல்களும் வேறொரு பார்ட்டிஷனில் இருக்கும். ஃபேக்டரி ரீசெட் துடைப்பதோ உங்கள் போட்டோ, ஆப், செட்டிங்குகள் இருக்கும் பகுதியை. ஆகவே மோடம் பகுதியில் பழுது என்றால் போட்டோக்கள் போகும், பழுது அப்படியே இருக்கும். அதோடு நிற்காது. ரீசெட் முடிந்ததும் வாட்ஸ்அப், யுபிஐ, வங்கி ஆப் என்று ஒவ்வொன்றும் ஓடிபி கேட்கும். டவர் இல்லாத போனுக்கு ஓடிபி எப்படி வரும்?

ஐஎம்இஐ, பேஸ்பேண்ட் இரண்டும் சரியாக இருந்தால் பெரும்பாலும் வீட்டிலேயே முடிந்துவிடும். திரையில் என்ன வாசகம் வருகிறது என்று கவனியுங்கள். ‘நோ சிம்’ என்றால் போன் சிம்மையே படிக்கவில்லை. ட்ரேயை வெளியே எடுத்து, சிம்மின் தங்க நிறப் பரப்பைக் காய்ந்த மென்துணியால் துடைத்துத் திரும்பப் போடுங்கள். ‘எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி’ என்றால் ரேடியோ உயிரோடு இருக்கிறது, ஏதோ ஒரு டவர் தெரிகிறது, உங்கள் சிம்மால் அதில் பதிவாக முடியவில்லை. ‘நோ சர்வீஸ்’ என்றால் டவரே தென்படவில்லை.

உங்களுக்கு இரண்டு சிம்மும் ஒரே நேரத்தில் போயிருப்பதால் சிம் மீது சந்தேகம் குறைவு. ஆனாலும் ஒன்றைக் கழற்றி வேறு போனில் போட்டுப் பார்த்துவிடுங்கள். அங்கேயும் டவர் வராவிட்டால் அப்டேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. வேறு எண்ணிலிருந்து உடனே உங்கள் நிறுவனத்தின் கஸ்டமர் கேரை அழையுங்கள். உங்கள் பெயரில் யாராவது டூப்ளிகேட் சிம் வாங்கியிருந்தாலும் இப்படித்தான் திடீரென்று டவர் போகும், இதில் தாமதிக்கவே கூடாது. சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது என்பது இந்தியாவில் விதி. ஓடிபி தேவைப்படும் வேலைகளை அதற்கேற்பத் தள்ளி வையுங்கள்.

சிம் நல்லதாக இருந்தால் ஃப்ளைட் மோடை 30 விநாடி போட்டு எடுங்கள். பலிக்கவில்லையா, போனை முழுதாக அணைத்து, சிம் ட்ரேயை எடுத்துவிட்டு, சிம் இல்லாமல் ஆன் செய்யுங்கள். முகப்புத் திரை வந்து ஒரு நிமிடம் கழித்து சிம்மைப் போடுங்கள். சிம் எந்த நிறுவனத்துடையது என்று பார்த்து, அதற்குரிய நெட்வொர்க் அமைப்பைப் போன் தேர்ந்தெடுக்கும். அப்டேட்டுக்குப் பிறகு இந்தத் தேர்வு தப்பிப்போவது உண்டு. சிம்மைத் தனியாகப் போடும்போது அது புதிதாக நடக்கும்.

அடுத்தது ‘ப்ரிஃபர்டு நெட்வொர்க் டைப்’. இது ‘3ஜி/2ஜி’ என்று மாறியிருந்தால் ஜியோவில் ஒரு கோடுகூட வராது, ஏனென்றால் ஜியோவுக்கு 2ஜியும் 3ஜியும் கிடையவே கிடையாது. ஏர்டெல் 3ஜியை மூடிவிட்டது, அதனால் ‘3ஜி ஒன்லி’ இருந்தால் அங்கேயும் வெறுமைதான். 5ஜியிலிருந்து 2ஜி வரை எல்லாம் சேர்ந்த ஆட்டோ வரியைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது என்றால் 5ஜி இல்லாத வரிக்கு மாற்றி இரண்டு நிமிடம் பொறுங்கள். 4ஜி வந்துவிட்டால் வம்பு 5ஜி பதிவில் இருக்கிறது. அடுத்த பேட்ச் (கோளாறைச் சரிசெய்யும் அப்டேட்) வரும்வரை 4ஜியிலேயே ஓட்டுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

பலருக்கும் தெரியாத இடம் ஒன்று உண்டு. டயல் பேடில் *#*#4636#*#* அடித்தால் பல போன்களில் ஒரு சோதனை மெனு திறக்கும் (சாம்சங்கில் பொதுவாகத் திறக்காது). அதில் ‘போன் இன்ஃபர்மேஷன்’ உள்ளே ‘மொபைல் ரேடியோ பவர்’ என்ற சுவிட்ச் இருக்கிறது. அது அணைந்திருந்தால் வெளியே என்ன செய்தாலும் டவர் வராது. ஆன் செய்யுங்கள். அங்கேயே சிக்னல் அளவும் தெரியும்: 4ஜியில் மைனஸ் 85 டிபிஎம் பக்கம் இருந்தால் நல்ல சிக்னல், மைனஸ் 115க்கும் கீழே போனால் அழைப்பு துண்டாகிவிடலாம். பேண்ட் (அலைவரிசை) தேர்வு மாதிரியான மற்ற வரிகளைத் தொடாதீர்கள்.

இன்னும் வரவில்லை என்றால் ‘நெட்வொர்க் ஆபரேட்டர்ஸ்’ பகுதியில் ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டுத் தேடவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஏர்டெல், ஜியோ, விஐ, பிஎஸ்என்எல் என்று பெயர்கள் வரிசையாக வந்தால் ஆன்டெனாவும் ரேடியோவும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். உங்கள் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுத்து, பதிவானதும் ஆட்டோமேட்டிக்குக்குத் திருப்பிவிடுங்கள். ஊருக்குள் இருந்தும் ஒரு பெயர்கூட வராவிட்டால் சந்தேகம் ரேடியோ பக்கம் போகிறது.

நெட்வொர்க் ரீசெட்டை இதற்குப் பிறகு செய்யலாம். சாம்சங்கில் ‘ஜெனரல் மேனேஜ்மென்ட்’, மற்ற பல போன்களில் ‘சிஸ்டம்’ உள்ளே இருக்கும். போட்டோ, ஆப் எதுவும் போகாது, வைஃபை பாஸ்வேர்டுகளும் புளூடூத் இணைப்புகளும் போகும். சில போன்களில் அதே பக்கத்தில் இசிம்மை (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவிறக்கும் சிம்மை) அழிக்கவா என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இசிம் அழிந்தால் நிறுவனத்திடம் கேட்டு மறுபடி பதிவிறக்க வேண்டிவரும்.

ஏபிஎன்னை (மொபைல் நெட்டுக்கான இணைப்பு அமைப்பை) மாற்றச் சொல்லி நிறைய அறிவுரை வரும். கோடுகள் வந்த பிறகும் நெட் ஓடவில்லை என்றால்தான் அங்கே போக வேண்டும்: ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், இடைவெளி இல்லாமல் ஆங்கிலச் சின்ன எழுத்தில். கோடுகள் இருந்தும் கால் மட்டும் போகவில்லை என்றால் வோல்ட்டி (4ஜி வழியாகவே கால் பேசும் வசதி) அணைந்திருக்கிறதா பாருங்கள்.

எந்த சிம் போட்டாலும் ‘எமர்ஜென்சி’ என்றே வருகிறது, ஐஎம்இஐயும் சரி, போன் கைமாறி வாங்கியது என்றால், அந்த எண் திருட்டுப் புகாரில் முடக்கப்பட்டிருக்கலாம். வேறு போனிலிருந்து ஆங்கிலத்தில் கேஒய்எம் என்ற மூன்றெழுத்து, ஓர் இடைவெளி, பிறகு ஐஎம்இஐ என்று 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் பதில் வரும்.

இனி ஐஎம்இஐ அல்லது பேஸ்பேண்ட் காணாமல் போன போன்கள். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, வைஃபை வழியாகப் புதிய பேட்ச் வந்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் டேட்டாவை பேக்கப் எடுத்துக்கொண்டு, பில்லோடு அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். போர்டு மாற்ற வேண்டும் என்று சொன்னால், முதலில் முழு ஃபர்ம்வேரையும் (போனின் அடிப்படை மென்பொருளை) ஃபிளாஷ் செய்து, அதாவது புதிதாக ஏற்றிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பழைய பதிப்புக்கு நீங்களே இறக்கப் பார்க்க வேண்டாம். பின்னோக்கிப் போவதைத் தடுக்கும் பூட்டு பல போன்களில் இருக்கிறது, மீறினால் போன் திறக்கவே திறக்காமல் போகலாம். ‘ஐஎம்இஐ எழுதித் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால் போனைக் கொடுக்காதீர்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அந்த எண்ணைத் திருத்துவது குற்றம், 3 ஆண்டு சிறை, 50 லட்சம் ரூபாய் அபராதம் வரை போகும்.

உங்கள் மாடலில் உங்களுக்கு மட்டும்தான் இப்படியா என்றும் விசாரியுங்கள். 2014 செப்டம்பர் 24 அன்று வந்த ஐஓஎஸ் 8.0.1, ஐபோன் 6, 6 பிளஸ் போன்களின் டவரையே பறித்தது. ஆப்பிள் அன்றே அதைத் திரும்பப் பெற்றது, 8.0.2 வந்ததும் சரியானது. பிக்சல் 6க்கு 2021 டிசம்பரில் வந்த அப்டேட்டையும் அழைப்புகள் துண்டிக்கின்றன என்று கூகுள் நிறுத்தி வைத்தது. இப்படிப்பட்ட கோளாறுக்கு வீட்டில் மருந்து கிடையாது, அடுத்த பேட்சுக்குக் காத்திருக்க வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு. சில ஐபோன் 7களில் ‘நோ சர்வீஸ்’ வந்ததற்கு போர்டில் இருந்த ஒரு பாகமே காரணம் என்று 2018இல் ஆப்பிள் ஒப்புக்கொண்டு இலவசமாகப் பழுதுபார்த்தது. அப்டேட் ஓடும்போது போன் நன்றாகச் சூடாகும், மோடம் ஐசிக்கு (சிப்புக்கு) அடியில் ஏற்கெனவே தளர்ந்திருந்த சால்டர் (ஈயப் பற்றவைப்பு) அந்த நேரத்தில் விட்டுவிடலாம். போன் ஆறினால் டவர் வந்து, சூடானால் போகிறது என்றால் அதுதான் அடையாளம்.

அதுவரைக்கும் சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டு வையுங்கள், காலும் ஓடிபியும் வரும். ஏர்டெல்லுக்குச் சாதாரண 2ஜி போன் போதும், ஜியோவுக்கு 4ஜி பட்டன் போன்தான் ஆகும். நானோ சிம்மைப் பெரிய ஸ்லாட்டில் போட அடாப்டர் தேவைப்பட்டால் அதன் முதுகில் மெல்லிய டேப் ஒட்டிச் செருகுங்கள். டேப் இல்லாமல் வெறும் அடாப்டரைப் போட்டால், வெளியே இழுக்கும்போது ஸ்லாட்டின் பின்கள் அதில் மாட்டி வளைந்துவிடும்.