ஸ்கேட்போர்டு திடலைக் காக்க நடந்த போராட்டங்களை ஆவணப்படங்கள் நேர்மையாகக் காட்டுகின்றனவா?

காட்டுகின்றன; ஆனால் வெற்றிக்குக் காரணமானதைக் காட்டத்தான் திணறுகின்றன. லண்டன் சௌத்பேங்க் போராட்டத்தைப் பற்றிய படங்களை இங்கே பினாங்கில், எந்நேரமும் ஸ்கேட்போர்டும் கையுமாக அலையும் என் தம்பி மகனுடன் அமர்ந்து பார்த்த பிறகு எனக்கு அப்படித்தான் தோன்றியது.

சௌத்பேங்க் எனப்படும் தேம்ஸ் கரைப் பகுதியில் 1967-இல் திறக்கப்பட்ட குயின் எலிசபெத் அரங்கின் அடித்தளத்தில் 1970-கள் முதல் இளைஞர்கள் ஸ்கேட்போர்டு ஆடி வந்தார்கள். 2013-இல் அவ்விடத்தைக் கடைகளாக்கி, அவர்களை அருகிலுள்ள ஹங்கர்ஃபோர்டு பாலத்தடிக்கு மாற்றும் திட்டம் அறிவிக்கப்பட்டது. படங்களில் பலகைகள் எகிறுகின்றன, சக்கரங்கள் கான்கிரீட்டை உரசுகின்றன, இசை உயர்கிறது. அங்கேயே மேசை போட்டு வழிப்போக்கர்களிடம் ஆதரவு திரட்டியதும், அப்பகுதியின் லம்பெத் நகராட்சியில் 27,000-க்கும் மேற்பட்ட ஆட்சேபக் கடிதங்கள் குவிந்ததும் சில நொடிகளில் கடந்துவிடுகின்றன. 2014 செப்டம்பரில் அந்த இடத்தைக் காக்கும் உடன்பாடு கையெழுத்தானதற்கு அந்த மேசைக்கும் பங்குண்டு. ஆனால் மேசையைப் படம் பிடித்தால் யார் பார்ப்பார்கள்?

இன்னொன்றையும் கவனித்தேன். இங்கிலாந்துச் சட்டப்படி, உள்ளூர் மக்கள் ஓரிடத்தை 20 ஆண்டுகள் யாரிடமும் அனுமதி கேட்காமல் விளையாட்டுக்குப் பயன்படுத்தியிருந்தால், அதைக் கட்டடம் எழும்பாமல் காக்கப்படும் ஊர்ப் பசுந்திடலாக (village green) பதிவு செய்யக் கோரலாம். புல் முளைக்காத அந்தக் கான்கிரீட் தளத்துக்கே அப்படி விண்ணப்பித்தார்கள்! ஸ்கேட்போர்டு ஆடுவோருக்கு ஒவ்வொரு தாவலையும் ஒருவரையொருவர் படம் பிடித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. அதனால் போராட்டம் தொடங்கும் முன்பே அவர்களிடம் பல்லாண்டுக் காட்சிகள் இருந்தன. விளையாட்டாய் எடுத்தவை, அவ்விடத்தில் அவர்கள் புழங்கியதற்குச் சான்றாகவும், பின்னர் ஆவணப்படத்துக்கு உயிராகவும் ஆயின.

இந்த இடத்தில்தான் எங்கள் பினாங்கின் குளுகோரில் இருந்த கம்போங் புவா பாலா நினைவுக்கு வந்தது. மாடு வளர்த்து, தலைமுறைகளாகத் தமிழர் வாழ்ந்த அக்கிராமம், கூட்டரசு நீதிமன்றம் வரை சென்ற வழக்குக்குப் பின் 2009-இல் இடிக்கப்பட்டது. குடியிருப்பும் விளையாட்டிடமும் ஒன்றல்ல. இழப்பின் எடை வேறு. ஆயினும் நான் பார்த்த காட்சிகள் பெரும்பாலும் புல்டோசர் வந்த நாள்களைச் சேர்ந்தவை. அழுகுரலும் வாக்குவாதமுமே அவற்றில் நிறைந்திருக்கின்றன. அங்கே ஒரு சாதாரண மாலையில் மாடுகள் வீடு திரும்புவதைக் காட்டும் ஐந்து நிமிடப் படத்தை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.