ஃபாகர் முனையில் படிந்த வெள்ளை

கேள்வி: ஐயா, ராயக்கோட்டைக்கும் கெலமங்கலத்துக்கும் நடுவில் எங்கள் தோட்டம். ரோஜா போட்டிருந்த 500 சதுர மீட்டர் பாலிஹவுஸில் இந்த வருடம் ஆர்க்கிட்டுக்கு மாறினோம். டிஷ்யூ கல்ச்சர் லேபில் டென்ட்ரோபியம் 40 பாட்டில் வாங்கினோம். பாட்டிலுக்கு 25 நாற்று. ஏப்ரலில் 12 பாட்டிலை எடுத்து, ஜெல்லியைக் கழுவி, தேங்காய் மட்டைத் துண்டும் கரியும் போட்ட தட்டுகளில் நட்டோம். பத்து நாள் நன்றாக இருந்தது. அப்புறம் இலை நுனி கருகியது, அடித்தண்டு நீர் கோத்த மாதிரி ஆகிக் கறுத்துச் சாய்கிறது. 300 நாற்றில் 60தான் மிச்சம். கடைக்காரர் சொன்னபடி மூன்று நாளுக்கு ஒருமுறை கார்பன்டசிம் என்ற பூஞ்சை மருந்து அடிக்கிறோம், வேர் டானிக்கும் தருகிறோம். புகை மாதிரி தண்ணீர் தெளிக்கிற ஃபாகர் வேறு வெள்ளையாகப் படிந்து அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. மீதி 28 பாட்டிலில் கை வைக்கவே பயமாக இருக்கிறது. எந்த மருந்து அடித்தால் நிற்கும்?

பதில்: அம்மா, 240 நாற்று போனது சின்ன இழப்பு இல்லை. கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

அடித்தண்டு நீர் கோத்துக் கறுத்துச் சாய்வது பெரும்பாலும் பித்தியம் அல்லது பைட்டோப்தோரா என்ற நீர்ப்பூஞ்சைகளால் வரும் அழுகல். கார்பன்டசிம் இந்த வகையை ஒன்றும் செய்யாது. வாரத்துக்கு இரண்டு முறை இல்லை, தினமும் அடித்தாலும் செய்யாது. சாய்ந்த நாற்றை அதைச் சுற்றியுள்ள மட்டைத் துண்டுகளோடு சேர்த்து எடுத்து வெளியே போடுங்கள். மிச்சம் உள்ள 60க்கு மெட்டலாக்சில், மேங்கோசெப் இரண்டும் கலந்து வரும் மருந்தை லிட்டருக்கு 2 கிராமுக்கு மிகாமல் கரைத்து ஒரே ஒரு முறை வேர்ப்பகுதி நனைய ஊற்றுங்கள். காப்பர் மருந்து எதையும் தொடாதீர்கள், டென்ட்ரோபியத்துக்கு ஆகாது. இன்னொன்று, அழுகிய தண்டை நசுக்கி முகர்ந்து பாருங்கள். கெட்ட நாற்றம் அடித்தால் அது பாக்டீரியா. அதற்கு எந்தப் பூஞ்சை மருந்தும் வேலை செய்யாது, நோயுற்றதை அகற்றுவதும் இலையை உலர வைப்பதும்தான் வழி.

மருந்து விஷயம் இவ்வளவுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரி. ஃபாகர் முனையில் படியும் அந்த வெள்ளை, உங்கள் போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் உப்பும். ஃபாகர் முனையையே அடைக்கிற தண்ணீர், ஒரு அங்குலம்கூட வளராத நாற்றின் இலையில் தினமும் விழுந்துகொண்டிருக்கிறது.

பாட்டிலுக்குள் காற்று எப்போதும் ஈரம் நிறைந்தது. அங்கே வளர்ந்த இலையில் மெழுகுப் பூச்சு சரியாகப் படிந்திருக்காது, இலைத்துளைகளுக்கு நேரத்தோடு மூடிக்கொள்ளவும் தெரியாது. அதை ஏப்ரல் மாத வறட்டுக் காற்றில் வைத்து, மேலே புகை மாதிரி உப்புத் தண்ணீரை விடுகிறீர்கள். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு இலை நுனியில் தங்கிவிடும். முதலில் நுனி கருகியது, பிறகுதான் தண்டு அழுகியது என்று நீங்களே வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். கருகிய நுனியும் உப்பு அரித்த வேரும்தான் அழுகல் உள்ளே நுழையும் வாசல். வாசலைத் திறந்து வைத்துவிட்டு மருந்தை மாற்றி மாற்றி அடிப்பதில் பயன் இல்லை. நானும் ஆரம்ப காலத்தில் பல வருடம் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ரோஜாவுக்கு இதே தண்ணீர் ஒத்துக்கொண்டதே என்று கேட்பீர்கள். ரோஜா மண்ணில் நிற்கிறது, மண் பாதியைத் தாங்கிக்கொள்ளும். ஓசூர் பக்கம் பலர் சொட்டுநீரில் அமிலம் கலந்தும் விடுகிறார்கள். ஆர்க்கிட் அப்படி இல்லை. நம் பக்கத்து மாமரத்திலும் புளியமரத்திலும் ஒட்டிக்கொண்டு பழுப்புப் பூ பூக்குமே, வாண்டா டெசெல்லேட்டா, பார்த்திருப்பீர்கள். இந்த வறண்ட பூமியிலும் அது வருடம் முழுக்க மழையையும் பனியையும் மட்டுமே குடித்து வாழ்கிறது. டென்ட்ரோபியமும் மரத்தில் தொற்றி வளரும் சாதிதான். மண்ணுக்கு அடியில் கல்லைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர் அதற்குப் பழக்கமே இல்லாதது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரின் குணம் உங்களுக்குத் தெரியாததா? புளோரைடு தொல்லைக்காகத்தானே நமக்கு ஒகேனக்கல்லில் இருந்து குடிநீர் கொண்டுவந்தார்கள்.

அதனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, என் தண்ணீரின் ஈ.சி. எவ்வளவு என்பது. கரைந்த உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்தும் அளவுதான் ஈ.சி. கையடக்க மீட்டர் ஒன்று வாங்குங்கள், அல்லது மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரையும் கொடுத்துப் பாருங்கள். வளர்ந்த ஆர்க்கிட்டுக்கு அது சென்டிமீட்டருக்கு 0.5 மில்லிசீமன்ஸுக்குள் இருக்கலாம். பாட்டிலில் இருந்து வந்த பிள்ளைகளுக்கு 0.3ஐத் தாண்டக் கூடாது. மட்டைத் துண்டிலும் உப்பு இருக்கும், ஊறவைத்த தண்ணீரின் ஈ.சி. இறங்கும் வரை அதையும் அலச வேண்டும்.

யாராவது சாஃப்ட்னர் மெஷின் விற்க வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அது சுண்ணாம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது. ஃபாகர் அடைக்காது, நாற்று இன்னும் சீக்கிரம் சாகும். ஆர்.ஓ. தண்ணீர் நல்லது, காசு இருந்தால் செய்யலாம். ஆனால் உங்கள் தலைக்கு மேலேயே 500 சதுர மீட்டர் கூரை இருக்கிறதே அம்மா! 20 மில்லிமீட்டர் மழை ஒன்று பெய்தால் அந்தக் கூரையில் 10,000 லிட்டர் விழும். கூரையைக் கழுவிக்கொண்டு வரும் முதல் தண்ணீரை விட்டுவிட்டு, மிச்சத்தைப் பிளாஸ்டிக் டேங்கில் பிடித்து, வெளிச்சம் படாமல் மூடி வையுங்கள். புது சிமென்ட் தொட்டி வேண்டாம், அதிலும் சுண்ணாம்பு இறங்கும்.

நாற்றுக்கு மேல் ஃபாகரை நிறுத்திவிடுங்கள். தட்டுகளின் மேல் வளைவுக் கம்பி வைத்து பாலிதீன் கூடாரம் போட்டு, கைத் தெளிப்பானில் மழைநீர் மட்டும் கொடுங்கள். 700 நாற்றுக்கு நாளைக்கு 15 லிட்டர் போதும், 2,000 லிட்டர் டேங்க் ஒன்று நான்கு மாதம் வரும். காற்றில் ஈரம் வேண்டுமே, அதற்குப் போர் தண்ணீரைத் தரையில் ஊற்றுங்கள். தரைக்கு உப்பு ஒன்றும் செய்யாது. வெறும் மழைநீரில் கால்சியம் இல்லை. புது வேர் ஓடியதும் 9 பங்கு மழைநீருக்கு 1 பங்கு போர் தண்ணீர் கலந்தால் அந்தக் குறை தீர்ந்துவிடும். உரமும் அப்போதுதான், தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை.

டானிக்கை நிறுத்துங்கள். அந்தக் கடைக்காரர் உங்கள் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டிருந்தால் அவருக்கு விற்க ஒன்றும் இருந்திருக்காது. நாற்று சாகச் சாக வியாபாரம் நடக்கிற இடத்தில் யோசனை கேட்காதீர்கள்.

மீதி 28 பாட்டிலுக்கு அவசரம் இல்லை. நேர் வெயில் படாத நிழலில் வையுங்கள், வெயில் பட்டால் கண்ணாடிக்குள் வெந்துவிடும். உள்ளே பூஞ்சை வந்த பாட்டிலை மட்டும் உடனே திறந்து நாற்றை வெளியே எடுத்துவிட வேண்டும். மூடியைத் திறந்துவைத்துப் பழக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஜெல்லியில் சர்க்கரை இருக்கிறது, பூசணம் பிடித்துவிடும். ஆடிக் காற்று ஓய்ந்து ஆவணி பிறந்ததும் ஆரம்பித்து, புரட்டாசிக்குள் நட்டு முடியுங்கள். மார்கழிக் குளிர் வருவதற்குள் வேர் பிடித்துவிடும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்க வேண்டாம். முதலில் இரண்டே பாட்டில். ஒரு தட்டுக்கு மழைநீர், இன்னொரு தட்டுக்கு உங்கள் போர் தண்ணீர், மற்றதெல்லாம் ஒரே மாதிரி. மூன்று வாரம் கழித்து இரண்டு தட்டையும் படம் எடுத்து, ஈ.சி. அளவோடு எனக்கு அனுப்புங்கள். மீதி 26 பாட்டிலைப் பற்றி அப்போது பேசலாம்.